தொண்டும் மணிக்கணக்கும்

தொண்டு என்னுஞ் சொல் சைவர் செவிக்குப் புதிதன்று. அறுபத்துமூவர் வரலாற்றை விரித்த பெருநூலுக்கே திருத்தொண்டர் புராணம் என்பது பெயர். ஆயினும் இக்காலத்துக் கல்லூரிகளில் அச்சொல்லோடு கணக்கு ஒன்றுஞ் சேர்ந்து வழங்குகின்றது. இத்தனை மணி நேரம் தொண்டு செய்தவனுக்கு இன்ன சான்றிதழ் என்பதே அக்கணக்கு. ஒரு பயனைக் கருதிச் செய்யப்படுவது வாணிகமாவதன்றித் தொண்டாதல் யாங்ஙனம் என்று பெரியோர் சிலர் வினவுகின்றனர். வேறு சிலரோ, இளைஞர் பதின்மர் துடைப்பம் ஏந்தி நின்ற படத்தைக் கண்ட அளவிலே நாடு திருந்திவிட்டதென மகிழ்கின்றனர். இவ்விரு திறத்தாரும் அம்மாணவனை அருகிருந்து பார்த்தவரல்லர். ஒரு நாளை அவன் எங்ஙனம் கழிக்கின்றான் என்பதறியாது அவன் தொண்டின் தரத்தை அளக்கப் புகுதல், நோயாளியைக் காணாமலே மருந்து கொடுப்பதை ஒக்கும்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து, இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துக் கல்லூரியிலே இளங்கலை இரண்டாமாண்டு பயிலும் ஒருவனைக் கருத்திற் கொள்க. அவன் குடும்பத்திற் கல்லூரிப் படி மிதித்தவன் அவனே முதல்வன். தாய் விடியுமுன் எழுந்து, குழாயடியிற் குடம் நிரப்பி, சோறு வடித்து வைத்து, நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்பவள். மகன் எழும்போது தேநீர் ஆறிக் கிடக்கும். ஏழரை மணிப் பஸ் தவறினால் முதல் வகுப்புத் தவறும். ஆகலின் உண்ட தட்டை உண்ட இடத்திலேயே விட்டு ஓடுவான். பஸ்ஸில் இருக்க இடமிராது. படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகச் செல்வான். பகலெல்லாம் வகுப்பும் ஆய்வுக்கூடமும், எழுதி முடியாத ரெக்கார்டு நோட்டுமாகக் கழியும். சென்ற பருவத்தில் தேறாத பாடம் ஒன்று ‘அரியர்’ என்னும் பெயரோடு நெஞ்சில் முள்ளாய்க் கிடந்து உறுத்தும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களிற் பந்தி பரிமாறச் சென்று கூலி பெறுவான். தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அக்கூலியே. இரவில் நண்பரோடு செல்பேசியில் அளவளாவுதலால் உறக்கம் நள்ளிரவைக் கடந்து செல்லும் என்பதையும் மறைத்தல் வேண்டா.

இத்தகையவன் வாழ்விலேதான் ‘நாட்டு நலப்பணித் திட்டம்’ என்ற பெயரால் தொண்டு நுழைகின்றது. அத்திட்டம் காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டை முன்னிட்டு 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரைக் கொண்டு தொடங்கப்பெற்றது. சேர்ந்தவர் ஆண்டுக்கு 120 மணியாக ஈராண்டில் 240 மணி நேரம் பணிசெய்தல் வேண்டும்; சிற்றூர் ஒன்றிலே ஏழு நாள் முகாமிலும் தங்குதல் வேண்டும். ஏரிக்கரையில் முள்வெட்டுதல், தெருக்கூட்டுதல், மரக்கன்று நடுதல், கண் பரிசோதனைக்கு முதியோரை அழைத்து வருதல், கோயிற் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குதல் என்பன அங்கு நிகழ்வன. சென்ற ஆண்டு நட்ட குழியிலேயே இவ்வாண்டும் கன்று நடப்படுவதுண்டு என்று மாணவரே தம்முள் நகைத்துக்கொள்வர்.

மணியை எண்ணுதல் எங்ஙனம் வந்தது என்பதை ஆராய்ந்தால் அதனை இகழ்வார் சிறிது தயங்குவர். நாடு விடுதலை பெற்றபின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் தாமே விரும்பி வரும் முறையிலேயே நாட்டுப்பணி அமைதல் வேண்டும் என்றது. 1959-இல் சி. டி. தேஷ்முக் தலைமையிலிருந்த குழுவோ, பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரி புகக் கருதுவோர் யாவரும் ஒன்பது திங்கள் முதல் ஓராண்டுவரை கட்டாயமாகப் பணிசெய்தல் வேண்டும் என்று கூறிற்று. பின்னர்ப் பிற நாடுகளின் வழக்கத்தை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், கட்டாயம் வேண்டா என்ற பக்கமே நின்றார். கட்டளையாலே அன்பை விளைவித்தல் கூடுமோ என்பதே இவ்வாதத்தின் உயிர்நிலை. விடையாக எழுந்தது ஒரு நடுவழி: சேர்தல் அவரவர் விருப்பம், சேர்ந்தபின் கணக்கு உண்டு, கணக்கு நிறைந்தபின் சான்றிதழ் உண்டு.

அற்றேல், சான்றிதழுக்காகச் செய்யும் பணி தொண்டாகுமா? இவ்வினா சைவ நூலுணர்ந்தோர்க்கு வேறொரு வடிவில் தோன்றும். வினைமுதல் தானே என்னும் முனைப்போடு செய்யப்படும் நல்வினை பசுபுண்ணியம்; அது போகத்தைத் தந்து அழியும். இறைவனைக் கருதிச் செய்யப்படுவதே சிவபுண்ணியம். அது ஞானத்திற்கு வாயிலாகும். சிவஞான சித்தியார் தக்கன் வேள்வியை எடுத்துக்காட்டி, இறைவன்பால் அன்பிலாதான் செய்த பேரறமும் தீங்காய் முடிந்தமையை அறிவுறுத்தும். இதனைக் கொண்டு, மணிக்கணக்கிற் செய்யும் மாணவர் பணி பயனற்றதென்று ஒரே மூச்சிற் கூறி முடிப்பாரும் உளர்.

அது பொருந்தாது. தக்கன் அன்பிலனாய் நின்றதோடு அமையாது, இறைவனைப் பகைத்து, இகழ்தற்பொருட்டே வேள்வி தொடங்கினான். முகாமிற் செல்லும் மாணவன் யாரையும் பகைத்துச் செல்கின்றானல்லன். அவன்பால் உள்ளது பக்குவமின்மை ஒன்றே. அறியாமைக்கும் பகைமைக்கும் உள்ள வேற்றுமையை மறந்து எடுத்துக்காட்டை ஆளுதல் சாத்திரத்திற்கே குற்றம் விளைவிப்பதாம்.

சாத்திரம் இவ்விடத்தே கடுமையுடையதாகாமல் மிகவும் இரக்கமுடையதாயிருத்தல் நோக்கற்பாலது. சிவபுண்ணியத்தை அறிந்து செய்வது, அறியாது செய்வது என இரண்டாக வகுத்து, அறியாது செய்ததும் வீண்போகாது, அறிந்து செய்தற்குப் படியாகும் என்று கூறுவர் பெரியோர். திருமறைக்காட்டுத் திருக்கோயிலிலே எரிந்த விளக்கில் நெய் உண்ண வந்தது ஓர் எலி. சுடர் மூக்கைச் சுட்டது. அது வெருவித் துள்ளத் திரி தூண்டப்பட்டு விளக்கு நன்கு எரிந்தது. அவ்வெலிக்கு விளக்கேற்றும் எண்ணம் இருந்ததில்லை. நெய்மேலேயே அதற்குக் கண். ஆயினும் இறைவன் அதனைப் பணியாக ஏற்று, மறுபிறப்பில் மூவுலகாளும் மாவலியாக்கினான் என்னும் வரலாற்றைத் திருநாவுக்கரசு சுவாமிகள் தம் திருப்பதிகத்தில் எடுத்தோதியருளினார். சான்றிதழ் உண்ண வந்த மாணவனை இவ்வெலியோடு ஒப்பிடுதல் அவனை இழிவுபடுத்துவதாகாது. தூண்டப்பட்ட திரி தூண்டப்பட்டதே. அவன் அழைத்துச் சென்ற மூதாட்டியின் கண்ணிற் புரை நீங்கினால், அவள் பேரன் முகத்தைக் காண்பது மெய்யே; அழைத்துச் சென்றவன் மனத்தில் அன்று சான்றிதழ் இருந்ததா, அருள் இருந்ததா என்பது அவள் கண்ணொளியைக் குறைத்துவிடாது.

சான்றிதழை வெறுத்துப் பேசுவோரைப்பற்றியும் ஒன்று கூறவேண்டுவதாகின்றது. அவருட் பெரும்பாலார் உத்தியோகம் பெற்று ஓய்வூதியமும் பெறுவோர். வேலைக்கு மனுச்செய்யும்போது இணைக்கத்தக்க தாள் ஒன்றேனும் மிகுதியாகக் கிடைக்குமா என ஏங்கும் ஏழை மாணவனுக்கு, பயன்கருதாமையைப் போதித்தல் எளிது, கேட்டல் அரிது. திருப்புகலூரிலே நாவுக்கரசர் உழவாரத்தாற் புல்லைச் செதுக்கியபோது அவ்விடமெல்லாம் பொன்னும் மணியும் விளங்க, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பக் கருதி, உழவாரத்தால் வாரி வாவியில் எறிந்தார். அந்நிலை முதிர்ந்த முதுமையிலே, எண்ணற்ற தலங்களிற் செதுக்கிய கைக்கு வாய்த்தது. உழவாரத்தை இன்றுதான் முதன்முதற் பிடித்த கையினிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று.

சரியையென்பது எங்கே தொடங்குகின்றது என்பதும் ஈண்டு நினையத்தக்கது. திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகிடுதலும் பூக்கொய்தலும் மாலை தொடுத்தலுமாகிய உடலின் தொழில்களே அதன் தொடக்கம். முதலில் உள்ளத்தைத் தூய்மை செய்துகொண்டு வா, பின்னர்த் துடைப்பத்தைத் தருகின்றோம் என்று எந்நூலும் கூறவில்லை. கை முன்னே செல்கின்றது. உள்ளம் பின்னே மெல்ல வருகின்றது. வாராமலே நின்றுவிடுவதும் உண்டு. அச்சம் அவ்விடத்தேதான் கொள்ளற்பாலது.

எலியின் வரலாறு அரசுரிமையோடு முடிந்துவிடவில்லை. மாவலியாகிய அவன் பெருங்கொடையாளனானான். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தான். எனினும் கொடுப்பவன் யான் என்னும் எண்ணம் அவன் கொடையோடு கூடவே வளர்ந்தது. மூன்றடி மண் கேட்டுக் குறுகிய வடிவில் வந்தவன்முன் அவ்வெண்ணம் என்னாயிற்றென்பது யாவரும் அறிந்த கதை. அறியாது செய்த பணி அவனை அரியணையில் ஏற்றிற்று. ‘யான்’ என்பதை அது தொடவில்லை. ஆதலின் மணிக்கணக்கையோ சான்றிதழையோ ஆராய்தலைவிட, பணிசெய்யுந்தோறும் அம்மாணவனிடத்தே இந்த ‘யான்’ வளர்கின்றதா, மெலிகின்றதா என்று ஆராய்தலே தக்கது.

முகாமின் இறுதிநாளைக் காண்க. முதியோர் பன்னிருவர்க்குப் போர்வை வழங்கப்படுகின்றது. போர்வையின் ஒரு முனை கொடுப்பவர் கையிலும் மறுமுனை பெறுபவர் கையிலுமாக நிற்க, படம் பிடிப்பவன் ‘சற்று இப்படித் திரும்புங்கள், பாட்டி’ என்கின்றான். பாட்டி திரும்புகின்றாள். அன்று இரவே அப்படம் நூறு செல்பேசிகளில் விளங்கும். அவளை எவரும் ஒப்புதல் கேட்டிலர். போர்வையின் விலையை அவள் தன் முகத்தாற் கொடுத்துவிட்டாள் என்று கூறினால் மிகையாகாது. சான்றிதழ் பெற்றவன் கல்லூரியினிடம் பெற்றான்; அதனால் யாருக்கும் குறைவில்லை. இங்கோ, பெறுவோளிடத்திலிருந்தே ஒன்று எடுக்கப்பட்டது. இரண்டில் எது வாணிகம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

திங்களூர் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தலும் சாலையும் குளமும் அமைத்தார். அவற்றுளொன்றிலும் தம் பெயர் விளங்கவில்லை. எல்லாம் தாம் அதுவரை கண்டிராத திருநாவுக்கரசர் பெயராலேயே விளங்கின. அப்பந்தரிற் களைப்பாறிய நாவுக்கரசரே வந்து, நும் பெயர் எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது என்னை என்று வினவியபோது, அடியார்பெருமையை அறியாத வினாவென்று அவர்க்கு வெகுளி பிறந்தது. தம் பெயர் இல்லாமை அவர்க்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. அதனைக் குறையென்று பிறர் கூறியதே அவர்க்குக் குறையாயிற்று. இதனைச் சொல்லி மாணவரைத் திருத்தப் புகும் பெரியோர், தம் ஊர்க் கோயிலின் குழல்விளக்குகளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தல் நன்று. உபயகாரர் பெயரும் தந்தையார் பெயரும் ஊரும் எழுதியபின் ஒளி வெளிவர எஞ்சிய இடம் சில விரற்கிடையே இருக்கும். இளைஞர் எங்கே கற்றனர் என்பது அப்போது விளங்கும்.

இனி, இந்த ‘யான்’ மெலிதற்கு இடமான பணி மாணவர் வாழ்வில் இல்லையோ எனின், உண்டு. அதனைப் பலர் தொண்டென்றே எண்ணுவதில்லை. பார்வையில்லாத மாணவர்க்குத் தேர்வு எழுதிக்கொடுக்கும் பணியே அது. வினாத்தாளை ஒருவன் படித்துக் காட்ட, பார்வையற்றவர் விடையைச் சொல்ல, அவன் எழுதுகின்றான். இந்திய அரசு 2018-இல் வகுத்த நெறிமுறைப்படி, தேர்வர் தாமே எழுத்தரை அழைத்துவரின் அவ்வெழுத்தரது கல்வித் தகுதி தேர்வரது தகுதிக்கு ஒருபடி குறைந்ததாயிருத்தல் வேண்டியிருந்தது. தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் மிகுநேரம் அளித்தலும் வேண்டும். மூன்று மணித் தேர்வு இவ்வாறு நான்கு மணியாகின்றது.

அந்நான்கு மணி நேரத்தில் எழுத்தன் நிலையைக் கருதுக. சொல்லப்படும் விடை பிழையென்று அவனுக்குத் தெரிகின்றது என்று வைத்துக்கொள்க. ஆண்டு மாறியிருக்கின்றது, அல்லது ஒரு வாய்பாடு தலைகீழாய்ச் சொல்லப்படுகின்றது. சரியான விடை அவன் நாவின் நுனியில் நிற்கின்றது. கையோ பிழையானதையே எழுதுதல் வேண்டும். திருத்தி எழுதினால் அது தேர்வு விதிக்கு மாறு. அதனினும் பெரிய தீமை ஒன்றும் அதனால் விளையும். தேர்வருடைய தேர்வு அவரதாகாமல் எழுத்தனுடையதாகிவிடும். இரக்கத்தின் பெயரால் அவர் உரிமையைக் கவர்ந்ததாகும். ‘பாவம், பார்வையில்லாதவர், ஒரு மதிப்பெண் போகட்டுமே’ என்னும் எண்ணம் அருளைப்போலத் தோன்றும், உள்ளே புகுந்து பார்த்தால் அங்கே இருப்பது ‘யான் அறிவேன்’ என்னும் பழைய முனைப்பே.

அதன் மறுதலையும் நிகழும். எழுத்தன் கனவிலும் அறியாத நுட்பமான விடையை அவர் சொல்லுவார். அச்சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுதுதற்கே அவன் திணறுவான். மெல்லச் சொல்லும்படி கேட்பான். உதவி செய்ய வந்தவன் உதவி கேட்டு நிற்கும் நிலை அது. உயர்ந்தவன் தாழ்ந்தவனுக்கு ஈவது தொண்டு என்ற எண்ணத்தோடு அவ்வறையினுள் நுழைந்தவனும், அதே எண்ணத்தோடு வெளிவருதல் அரிது.

சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம், உயிர் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் நிற்க மலமும் மாயையும் வினையும் நீங்கும் என்று கூறும். அது ஞானியர் நிலை. தேர்வு எழுதிக்கொடுத்த மாணவன் அந்நிலையை எய்திவிட்டான் என்று கூறுதல் விளையாட்டாகும். ஆயினும் தன் அறிவு தன்னிடமே இருக்க, தன் கை பிறிதொரு கருத்தின் வழியே இயங்கி, இயங்கியதன்பின் எழுதியது யானென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் எழுந்து வருதல் எத்தகையது என்பதை அவன் நான்கு மணி நேரம் உடம்பாலே அறிந்தான். நூலில் அச்சூத்திரத்தை மனப்பாடஞ் செய்த பலர் அதனை அவ்வளவு நேரம் பயின்றிருப்பார்களா என்பது ஐயம்.

இரத்ததானமும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கது. பதினெட்டாண்டு நிறைந்து 45 கிலோ எடைக்குக் குறையாதவராய் நோயின்றி இருப்போர் இரத்தம் கொடுக்கலாம். ஆடவர் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் மகளிர் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஒருமுறை எடுப்பது 350 மில்லிலிட்டரேனும் 450 மில்லிலிட்டரேனும் ஆகும். இந்நாட்டில் இரத்தத்தை விலைக்கு விற்று வாழ்ந்தோர் முன்னர்ப் பலர் இருந்தனர். 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே 1998 சனவரி முதல் அவ்விற்பனை தடுக்கப்பட்டது. அதன்பின் மருத்துவமனைகள் நாடி நின்றது பெரும்பாலும் நோயாளியின் உறவினரையும் கல்லூரி மாணவரையுமே. மாணவன் கொடுத்த இரத்தம் சிவப்பணு, தட்டணு, ஊனீர் எனப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு மூவர்க்குச் செல்லக்கூடும். தட்டணு ஐந்து நாளுக்குள் பயன்படவேண்டும். சிவப்பணு ஏறத்தாழ ஆறு வாரம் நிற்கும். பெற்றவர் யாரென்று இவன் அறியான். கொடுத்தவன் யாரென்று அவரும் அறியார். அவர் சாதியோ சமயமோ குணமோ கேட்டு உடலினுள் ஓடுவதில்லை அது. போர்வையின் இரு முனையை இருவர் பிடித்து நிற்கும் காட்சிக்கு இங்கே இடமேயில்லை. கொடுத்த களைப்புத் தீரத் தரும் பிஸ்கட்டையும் பழச்சாற்றையும் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்வதுண்டே எனின், உண்டு. இளமைக்கு அவ்வளவு இடம் கொடுக்கலாம்.

இதுகாறும் கூறியவை வெளியே செய்யும் பணியைப் பற்றியன. இனி வீட்டினுள்ளே நோக்கவேண்டும். மெய்யான இடர்ப்பாடு அங்கேதான் இருக்கின்றது. முகாமில் ஏழு நாளும் பொழுது புலருமுன் எழுந்து அயலூர்த் தெருவைக் கூட்டியவன், எட்டாம் நாள் தன் வீட்டில் ஏழுமணிக்கு எழுந்து, உண்ட தட்டை உண்ட இடத்திலேயே விட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகின்றான். அயலூர் மூதாட்டியின் குடத்தை அன்று வாங்கிச் சுமந்தவன், தன் தாய் குழாயடியிலிருந்து இரண்டு குடம் கொணர்வதைக் கண்டும் காணாது செல்கின்றான். அவன் கொடியன் அல்லன். தாயின் உழைப்பு அவன் பிறந்த நாள்முதல் காற்றைப்போல இருந்து வருதலின் அவன் கண்ணுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவே. அயலூர்க் குடத்தைச் சுமப்பதற்கு மணிக்கணக்கு உண்டு, பார்க்கும் கண் உண்டு, நன்றியுரை உண்டு. வீட்டுக் குடத்திற்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இது விடுதி மாணவர்க்கும் ஒக்கும். அநாதை இல்லத்துச் சிறுவர்க்குச் சோறு பரிமாறி வந்த அன்றே, விடுதிச் சமையற்கூடத்துப் பணியாளரை வயது கருதாமல் ஒருமையில் அழைப்பார் உளர்.

மாணவனுக்குக் கடமை படிப்பொன்றே. பொதுத்தொண்டு பிறகு ஆகட்டும் என்று இதனைக் கண்ட தந்தையர் கூறுவர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. அவன் செலவிடும் பொழுது தாய் நடவு வயலிற் குனிந்து ஈட்டியது. அதனை எடுத்துப் பிறர்க்கு வழங்குங்கால் உரியவளை ஒரு வார்த்தை கேட்டல் வேண்டும். அரியரை அப்படியே விட்டு ஞாயிறுதோறும் பொதுப்பணிக்குச் செல்பவன், செய்யவேண்டியதற்கு அஞ்சி, செய்ய இனியதிற் புகுந்து ஒளிகின்றவனாகவும் இருத்தல் கூடும். எனினும் ‘பிறகு’ என்பது எப்போது வரும் என்று அத்தந்தையரைக் கேட்டால், படிப்புக்குப்பின் வேலை, வேலைக்குப்பின் மணம், மணத்துக்குப்பின் மக்கள், மக்கள் தலையெடுத்தபின் என்று அடுக்கி, மூட்டுவலி தொடங்கும் பருவத்திற் கொண்டுபோய் நிறுத்துவர். படிப்போடு தொண்டும் சேர்ந்து செல்லும் வழியைக் காண்பதே தக்கது. இரண்டிற்கும் பகை மூட்டுதல் தக்கதன்று.

இளையான்குடி மாறனார் செய்த விருந்து இல்லத்துக்கு வெளியே நிகழ்ந்ததன்று. வறுமையுற்ற காலத்தே, மழை பொழியும் நள்ளிரவில் அடியார் வந்தாராக, அன்று பகலில் வித்திய நெல்லை வாரிக்கொண்டு வந்தால் அமுதாக்கலாம் என்ற வழியைக் காட்டியவர் மனைவியாரே. அவர் இருளிற் சென்று முளைநெல்லை வாரிவர, அம்மையார் வாயிலில் எதிர்நின்று வாங்கி, நீரில் அலம்பி, வறுத்து, குற்றி அமுதாக்கினார். அடுப்புக்கு விறகில்லாமையால் வீட்டுக் கூரையின் அலக்கே அறுக்கப்பட்டது. ஒருவர் புறத்தே தொண்டராயிருக்க மற்றவர் அகத்தே அத்தொண்டின் சுமையை வாய்பேசாது தாங்கிக்கிடந்த வரலாறன்று அது. இக்காலத்துப் பணிமுகாம்களில் வீட்டாருக்குப் பங்கு சிறிதும் வைக்கப்படவில்லை. மகன் ஏழு நாள் எங்கே சென்றான், என்ன செய்தான் என்பதே பல தாய்மார் அறியார். படத்தைச் செல்பேசியிற் காட்டினால், ‘வெயிலில் இப்படிக் கறுத்துவிட்டாயே’ என்பதோடு அவள் அறிவு நின்றுவிடுகின்றது. எப்பொழுதேனும் ஒருநாள், தான் கூட்டிய தெருவைப்பற்றி அவளிடம் விரித்துச் சொல்லத் தொடங்குவானாயின், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலுள்ள துடைப்பம் அவன் கண்ணிற் படுதலும் கூடும்.

மேற்கூறிய மாணவன் இரண்டாமாண்டின் இறுதியிலே, ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டமையாற் பார்வையற்ற முதுகலை மாணவி ஒருவருக்குத் தேர்வு எழுதச் சென்றான் என்று வைத்துக்கொள்க. அவன் போனது அரைமனத்தோடுதான். மறுநாள் ரெக்கார்டு நோட்டுக் கொடுக்கவேண்டிய நாள். நான்கு மணி நேரம் எழுதினான். இரண்டு விடை பிழையென்று தோன்றியும் சொன்னபடியே எழுதினான். எழுந்தபோது விரல் மரத்திருந்தது. அம்மாணவி தம் கோலை விரித்துக்கொண்டு, ‘மூன்றாம் வினாவிற் சற்று வேகமாகச் சொல்லிவிட்டேன், தம்பி, கை வலித்திருக்கும்’ என்று கூறிவிட்டு வாயிலை நோக்கி நடந்தார். மாலைப் பஸ்ஸில் அவனுக்கு இருக்க இடம் கிடைத்தது. ரெக்கார்டு நோட்டில் எஞ்சிய பக்கங்களை எண்ணிக்கொண்டே வீடு சேர்ந்து, தாய் வயலிலிருந்து இன்னும் திரும்பாமை கண்டு, குடங்கள் வெறுமையாயிருத்தலையும் கண்டு, அவற்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். திட்டத்தின் நாட்குறிப்பில் அந்நான்கு மணியையும் பதிந்திருக்கலாம். 240-ஐ நிறைக்க இன்னும் ஆறு மணி அவனுக்குக் குறைந்திருந்தது. பதியவேண்டுமென்பது அவன் நினைவுக்கு வரவில்லை.